எரியும்போது ஏறாத தண்ணீர் அணைந்த பிறகு ஏன் ஏறுகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த மெழுகுவத்திச் செய்முறையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை ஏற்றி, அதன் மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தால் கொஞ்ச நேரத்தில் சுடர் அணையும், தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். படமெல்லாம் நன்றாகவே போட்டிருந்தீர்கள். கீழே கொடுத்திருந்த விளக்கம்தான் சரியில்லை. மெழுகுவத்தி ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகிறது, அந்தக் காலி இடத்துக்குத் தண்ணீர் வருகிறது, தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறுவதால் காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்று தெரிகிறது என்று எழுதியிருந்தது.

நான் உயர்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் நடத்துகிறவள். இதே விளக்கத்தை நானும் பல வருடம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், எனக்குச் சொல்லித்தந்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தது எந்தப் பயிற்சி வகுப்பும் இல்லை, ஒன்பதாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண். செய்து காட்டி முடித்துவிட்டு நான் பாடத்துக்குப் போகும்போது எழுந்து நின்று கேட்டாள்: “மிஸ், ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணி ஏறுதுன்னா, மெழுகுவத்தி எரியும்போதே கொஞ்சம் கொஞ்சமா ஏறணுமே? அணையுற வரைக்கும் சும்மா இருந்துட்டு, அணைஞ்ச பிறகுதானே சட்டுன்னு ஏறுது?”

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து ஏழெட்டு முறை செய்து பார்த்தேன், இத்தனை வருடமும் நான் எதைப் பார்க்காமல் விட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. டம்ளரைச் சுடருக்கு மேலே கொண்டுபோகும்போதே உள்ளே இருக்கிற காற்று சூடேறி விரிகிறது. கவிழ்த்ததும், உற்றுப் பார்த்தால், விளிம்புக்கு அடியிலிருந்து இரண்டு மூன்று குமிழிகள் வெளியே ஓடுகின்றன. அதாவது காற்று வெளியேறுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சமிருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது, மெழுகு எரிந்ததில் உண்டான நீராவியும் டம்ளரின் உள்பக்கத்தில் பனிபோலப் படிகிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததால் வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. அதனால்தான் அணைந்த பிறகு சட்டென்று ஏறுகிறது. அந்தப் பெண் பார்த்தது முழுக்கச் சரி.

ஆக்சிஜன் கணக்கையும் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. மெழுகுவத்தி அதை ஒட்டத் துடைத்துவிடுவதில்லை, ஏறத்தாழ 16 பங்குக்கு இறங்கும்போதே சுடர் அணைந்துவிடுகிறது. செலவான 5 பங்கும் காணாமல் போகவில்லை, அதற்குப் பதிலாகக் கரியமில வாயு வருகிறது. 25 கார்பன் அணுக்கள் உள்ள மெழுகு மூலக்கூறு ஒன்று எரிய 38 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும், எரிந்து முடிந்தால் 25 கரியமில வாயு மூலக்கூறுகள் வரும். அந்த விகிதத்தில் 5 பங்கு ஆக்சிஜன் போனால் 3 பங்குக்குச் சற்று மேல் கரியமில வாயு வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது தண்ணீரில் கரையும்தான், ஆனால் கண்ணெதிரே சட்டென்று தண்ணீரை இழுக்கும் வேகத்தில் கரையாது. ஆக, ஆக்சிஜன் செலவானதால் உண்டாகிற இடம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் சூடும் குளிர்ச்சியும் செய்கிற வேலை.

மறுநாள் வகுப்பில் இதை நான் சொல்லவில்லை, இரண்டு காரியம் மட்டும் செய்தோம். முதலில் ஒரு மெழுகுவத்திக்குப் பதிலாக மூன்றை ஏற்றி அதே டம்ளரைக் கவிழ்த்தோம், தண்ணீர் முன்னைவிட உயரமாக ஏறியது. டம்ளர் அதேதான், அதற்குள் இருந்த ஆக்சிஜனும் அதே அளவுதான், அப்புறம் எப்படி மூன்று மெழுகுவத்திக்கு அதிகம் ஏறும்? அடுத்து, நெருப்பே இல்லாமல் செய்தோம். கை பொறுக்கிற சூட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, ஒரு நிமிடம் வைத்திருந்து கொட்டிவிட்டு, டம்ளரைக் குளிர்ந்த தண்ணீர் இருக்கும் தட்டில் கவிழ்த்தோம். மெழுகுவத்தி இல்லை, எரிதல் இல்லை, தண்ணீர் மட்டும் மெதுவாக உள்ளே ஏறியது. ஒரு நிமிடம் வகுப்பில் யாரும் பேசவில்லை, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

இந்தச் செய்முறைக்கும் அதற்குச் சொல்லப்படுகிற தவறான விளக்கங்களுக்கும் வயது அதிகம். கவிழ்த்த பாத்திரத்துக்குள் சுடர் அணைந்து தண்ணீர் ஏறுவதை பைசாந்தியத்தைச் சேர்ந்த பிலோ என்ற கிரேக்கப் பொறியாளர் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்திருக்கிறார். அதைத் தவறாக விளக்கியதில் உங்கள் பக்கத்தை எழுதியவர் தனியாக இல்லை. அதற்காக அந்த விளக்கம் இன்னும் ஒரு தலைமுறைக்குப் போக வேண்டுமா?

காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்கு என்பதை வீட்டிலேயே காட்ட நல்ல வழி இருக்கிறது, அதில் நெருப்பும் வேண்டாம். மரச்சாமான்களைத் தேய்க்கப் பயன்படுத்துகிற மெல்லிய இரும்புக் கம்பளியை எடுத்து வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து, அலசி, நன்றாகப் பிழிய வேண்டும். வினிகர் இரும்பின் மேலிருக்கிற எண்ணெய்ப் பூச்சைப் போக்கிவிடும். பிறகு அதை உயரமான, குறுகலான ஒரு டம்ளரின் அடியில் கீழே விழாதபடி அழுத்திவைத்து, டம்ளரைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து, தண்ணீர் மட்டத்துக்குப் பேனாவால் கோடு போட்டுவிடுங்கள். அவ்வளவுதான். மறுநாள் பார்த்தால் இரும்பு செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கும், தண்ணீர் ஏறியிருக்கும், இன்னும் ஒரு நாள் விட்டாலும் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கோடு நின்றுவிடும். துருப்பிடிக்கும்போது ஆக்சிஜன் இரும்போடு சேர்ந்து திடப்பொருளாகிவிடுகிறது, அதற்கு ஈடாக வேறு எந்த வாயுவும் வருவதில்லை. மெழுகுவத்தி விஷயத்தில் சொல்லப்படுகிற காலி இடம் இங்கேதான் உண்மையிலேயே உண்டாகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கிற சுருள்சுருளான பளபள கம்பி நார் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. அதைப் போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தாலும் ஒன்றும் நடக்காது, குழந்தைதான் ஏமாந்து போகும்.

செய்முறைகளைப் போடாதீர்கள் என்று நான் சொல்லவே இல்லை, இன்னும் நிறையப் போடுங்கள் என்கிறேன். ஆனால் செய்முறையோடு அதன் தலையிலேயே விளக்கத்தையும் கட்டி அனுப்பிவிட்டால் குழந்தை பார்ப்பதை நிறுத்திவிடுகிறது, விளக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத்தான் கண்ணும் பார்க்கும். நான் அப்படித்தான் பல வருடம் குமிழியைப் பார்க்காமல் இருந்தேன்.

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றுகிற ‘எரிமலை’யை எடுத்துக்கொள்ளுங்கள். பார்க்காத குழந்தையே இருக்காது. நுரை பொங்கும், கைதட்டுவார்கள், முடிந்தது. அந்த டம்ளரை யாராவது தொட்டுப் பார்த்திருக்கிறார்களா? தொட்டால் சில்லென்று இருக்கும்! பொங்குகிறது, சீறுகிறது, எரிமலை என்று பெயர் வேறு, ஆனால் சூடு குறைகிறது. ஒரு வெப்பமானியைப் போட்டால் இறங்குவது கண்ணுக்கே தெரியும். இந்த வினை நடக்கச் சுற்றியிருக்கிற தண்ணீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. வினை என்றாலே சூடு வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அந்தக் குளிர்ச்சி ஒரு அதிர்ச்சி. அதோடு நிறுத்தாமல், பொங்கி அடங்கிய பாத்திரத்திலிருந்து திரவத்தைச் சிந்தாமல் வாயுவை மட்டும் எரிகிற மெழுகுவத்தி மேல், தண்ணீர் ஊற்றுவதுபோலச் சாய்த்து ஊற்றிப் பாருங்கள். கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அதனால் கண்ணுக்குத் தெரியாமல் வழிந்துபோய்ச் சுடரை அணைக்கும். வெறும் பாத்திரத்தைச் சாய்த்துச் சுடரை அணைப்பதுபோல இருக்கும், அதைப் பார்க்கிற முகத்தைப் பார்க்க வேண்டும்.

இதே கலவையைச் சுத்தம் செய்ய நல்லது என்று சொல்லி எத்தனையோ வீட்டுக் குறிப்புகள் வருகின்றன. சோடா தனியாக நல்ல தேய்ப்பான், வினிகர் தனியாக உப்புக் கறையைக் கரைக்கும். இரண்டையும் கலந்துவிட்டால் ஒன்றை ஒன்று தீர்த்துவிட்டு, மிஞ்சுவது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான். நுரையைப் பார்த்து ஏமாறுகிறோம்.

பொங்கினாலும் சூடாகிற ஒன்றைப் பக்கத்திலேயே செய்து காட்டலாம். மருந்துக்கடையில் கிடைக்கிற 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் கொஞ்சம் சோப்புத் திரவம் விட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த ஈஸ்டை ஊற்றினால் நுரை எழும்பும், கையில் இதமான சூடு தெரியும். 1818-இல் தெனார் கண்டுபிடித்த இந்தப் பெராக்சைடு தன்பாட்டில் மெதுவாகத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைந்துகொண்டேதான் இருக்கும். ஈஸ்டில் இருக்கிற கேட்டலேஸ் என்ற நொதி அந்த வேலையைத் துரிதப்படுத்துகிறது, ஒரே ஒரு நொதி மூலக்கூறு ஒரு நொடியில் பல லட்சம் பெராக்சைடு மூலக்கூறுகளை உடைத்துவிடும். அணைத்த குச்சியின் கங்கு முனையை அந்தக் குமிழிக்குள் விட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும், உள்ளே இருப்பது ஆக்சிஜன் என்பதற்கு அதுவே சாட்சி. வீடியோக்களில் கூரையைத் தொடும் அளவுக்குப் பீறிடுகிறதே, அது 30 சதவீதமோ அதற்கும் மேலோ உள்ள பெராக்சைடு, தோலில் பட்டால் வெந்துபோகும், கண்ணில் பட்டால் கண்ணே போய்விடலாம். அதை வீட்டுச் செய்முறை என்று யாரும் போடக்கூடாது.

மென்டோஸ் மிட்டாயை டயட் கோக்கில் போட்டுப் பீய்ச்சியடிக்க வைப்பதும் இப்படித்தான். அமிலமும் காரமும் சேர்ந்து வினைபுரிகிறது என்று பலர் எழுதுகிறார்கள். அமெரிக்க இயற்பியலாளர் டோன்யா காஃபி 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பானத்தின் அமிலத்தன்மையை முன்னும் பின்னும் அளந்து பார்த்திருக்கிறார், மாற்றமே இல்லை. மிட்டாயின் மேற்பரப்பு கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணோக்கியில் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பானத்தில் அழுத்தி அடைத்துவைத்திருக்கிற வாயு குமிழியாக மாற அப்படி ஒரு சொரசொரப்பான இடம் கிடைத்தால் போதும். மிட்டாய் வேகமாக அடிவரை மூழ்குவதால் குமிழிகள் கீழிருந்தே கிளம்பி மேலிருப்பதையெல்லாம் தள்ளிக்கொண்டு வருகின்றன. மணலைப் போட்டாலும் பொங்கும், உப்பைப் போட்டாலும் பொங்கும். அதைச் செய்து பார்க்கச் சொன்னாலே அமில காரக் கதை தானாக விழுந்துவிடும்.

சாயம் மாறுகிற செய்முறைகள்தான் எனக்கு எப்போதும் பிடித்தவை. ஊதா முட்டைக்கோஸை நறுக்கிச் சுடுதண்ணீரில் போட்டு வடிகட்டிய சாற்றில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவக்கும், சமையல் சோடா விட்டால் நீலமாகும், சலவைச் சோடாக் கரைசலில் பச்சைக்குப் போகும். ஆந்தோசயனின் என்கிற நிறமி ஹைட்ரஜன் அயனிகளை வாங்குவதும் கொடுப்பதுமாக வடிவம் மாறும்போது, அது விழுங்குகிற ஒளியும் மாறுகிறது. 1664-லேயே ராபர்ட் பாயில், ஊதாப்பூச் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை எழுதிவைத்தார், அமிலத்தையும் காரத்தையும் பிரித்துச் சொல்ல அவருக்கு அந்தப் பூச்சாறு போதுமானதாக இருந்தது. மஞ்சள் தூளும் காரத்தில் சிவக்கும், ஆனால் அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும். ஒரு நிறங்காட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்க இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும்.

அயோடினைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தில் இரண்டு சொட்டைத் தண்ணீரில் விட்டு, சோள மாவைக் காய்ச்சிக் கரைத்த நீரைச் சேர்த்தால் கருநீலம். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி சுருள்போல் சுற்றியிருக்கிறது, அந்தச் சுருளுக்குள் அயோடின் வரிசையாகப் போய் உட்காருவதால் வருகிற நிறம் அது. அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால் ஒரு கட்டத்தில் நிறம் முழுக்க மறைந்துவிடும், ஏனென்றால் வைட்டமின் சி அயோடினை நிறமில்லாத அயோடைடாக மாற்றிவிடுகிறது. மாயம் என்று காட்டி முடித்துவிடலாம்தான். நான் சொட்டுகளை எண்ணச் சொல்வேன். புதிதாகப் பிழிந்த சாறு எத்தனை சொட்டு, அதே சாற்றைக் கொதிக்கவைத்தால் எத்தனை சொட்டு, இரண்டு நாள் திறந்துவைத்ததற்கு எத்தனை? இப்போது அது அளவீடு. எண்ணிக்கை ஒத்துப்போகவில்லை என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள், யாருடைய சொட்டு பெரிய சொட்டு என்று வாதாடுவார்கள், அந்தச் சண்டைக்காகவே இதைச் செய்யலாம். (கரைசலை யாரும் குடித்துவிடக் கூடாது, கீழே கொட்டிவிட வேண்டும்.)

பாதுகாப்பைப் பற்றி உங்கள் பக்கத்தில் ‘பெரியவர்கள் துணையோடு செய்யவும்’ என்று ஒரு வரி மட்டும் வருகிறது. அது போதாது, எதைச் செய்யக் கூடாது, ஏன் என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருக்கிற பிளீச்சிங் திரவத்தோடு வினிகரையோ கழிவறை கழுவும் அமிலத்தையோ கலந்தால் குளோரின் வாயு வரும். முதல் உலகப் போரின்போது 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் ஆயுதமாக அவிழ்த்துவிட்ட அதே வாயு. அம்மோனியா சேர்ந்த திரவத்தோடு கலந்தால் குளோரமைன் வரும், அதுவும் நுரையீரலைப் பதம்பார்க்கும். எதை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்று பார்க்கிற ஆசையை நாம்தான் தூண்டிவிடுகிறோம், அதனால் இதைச் சொல்வதும் நம் பொறுப்பு. அப்புறம், உப்புகளைத் தூவி மெத்தனாலில் பல நிறச் சுடர் காட்டுகிற வித்தை. எரிகிற மெத்தனாலின் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றும்போது ஆவி பற்றி, தீ பாட்டிலுக்கே ஏறி, முன்வரிசையில் இருப்பவர்கள் மேல் பாயும். வகுப்பறைகளிலேயே மாணவர்கள் இப்படிக் கருகியிருக்கிறார்கள். உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சியை ஒரு சிறிய சுடரில் காட்டினாலே அதே நிறங்கள் தெரியும், பாட்டிலே தேவையில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்கு மனதில் நிற்பது மெழுகுவத்திதான். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் மைக்கேல் ஃபாரடே 1860-61இல் ஒரு மெழுகுவத்தியை மட்டும் வைத்துக்கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு நடத்தினார். அதில் அவர் காட்டிய ஒன்றை எந்தக் குடும்பமும் இன்று ராத்திரியே செய்யலாம். நன்றாக எரிந்துகொண்டிருக்கிற மெழுகுவத்தியை மெதுவாக ஊதி அணையுங்கள், திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒரு நூல்போல எழும்பும். எரிகிற தீக்குச்சியை திரியைத் தொடாமல், இரண்டு விரற்கடை மேலே, அந்தப் புகைக்குள் காட்டுங்கள். சுடர் அந்தப் புகை வழியாகவே கீழே குதித்துத் திரியைப் பற்றிக்கொள்ளும். காற்றாடி ஓடக் கூடாது, கை நடுங்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தப் புகை சாம்பலும் இல்லை, கரியும் இல்லை, ஆவியாகிப் போன மெழுகு குளிர்ந்து துளித்துளியாக நிற்பது. மெழுகுவத்தியில் எரிவது திரியோ உருகிய மெழுகோ இல்லை, மெழுகின் ஆவி என்பது அப்போது கண்ணுக்கு முன்னால் நடக்கிறது. என் வகுப்பில் பத்து முறை கேட்டாலும் சலிக்காமல் செய்து காட்டுவேன்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். செய்முறையை ஒரு வாரம் போடுங்கள், கூடவே ஒரு கேள்வியும், மாற்றிப் பார்க்க ஒரு விஷயமும் போடுங்கள். மெழுகுவத்தி ஒன்றுக்குப் பதில் மூன்று, குளிர்ந்த தண்ணீருக்குப் பதில் வெந்நீர், இப்படி ஏதாவது ஒன்று. விளக்கத்தை அந்த வாரமே, அதுவும் பக்கத்தின் அடியில் தலைகீழாகக்கூட அச்சிடாதீர்கள், அடுத்த வாரம் போடுங்கள். இடையில் இருக்கிற ஏழு நாளில் பிள்ளைகள் வீட்டில் வாதாடட்டும், தாங்கள் பார்த்ததை உங்களுக்கு எழுதட்டும், அதில் நல்ல கேள்வி ஒன்றை எடுத்து விளக்கத்தோடு சேர்த்து வெளியிடுங்கள். விளக்கத்தை எழுதுகிறவர் அச்சுக்குப் போகும் முன் ஒரு முறையாவது தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும். அது கட்டாயம்.

அதற்கு முன், போன வாரச் செய்முறைக்கு ஒரு திருத்தம் போட்டுவிடுங்கள். நீளமாக எழுத வேண்டாம். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள், பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் கொட்டிய டம்ளரை மெழுகுவத்தி இல்லாமல் கவிழ்த்துப் பாருங்கள் என்று நாலு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை